‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள், ஊசி எங்கே?

வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

“என் மனைவிக்கு ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டார்கள். ஃபுளூ ஊசி கேட்டால் ‘வெளியே போட்டுக்கோங்க’ என்கிறார் நர்ஸ். போலியோ சொட்டு மருந்தை வீடு தேடி வந்து கொடுக்கும் அரசுக்கு இது மட்டும் ஏன் முடியவில்லை?” – வாசகர், ஒரத்தநாடு

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது நர்ஸ் மேல் போக வேண்டிய கோபம் இல்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃபுளூ ஊசி கிடையாது. அட்டவணையில் இல்லாத மருந்து சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டிக்கு வழக்கமாக வந்து சேராது. அந்த அட்டவணையை வெளியிடும் அதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலோ கர்ப்பிணிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. 65 வயது கடந்தவர்களும் 6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளும் போட்டுக்கொள்வது நல்லது என்கிறது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது, மருந்து தனியார் மருத்துவமனையில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் என்ன செய்யும்?

போலியோ மருந்தைப் போல இதை வாங்கி இருப்பு வைக்க முடியாது என்பதும் உண்மை. ஃபுளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்தெந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. பெரும்பாலான ஊசிகள் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துத் தயாராகின்றன. அறிவிப்பு வந்து மருந்து கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே மழைக்காலத்துக்கு வேண்டியதைக் கோடையிலேயே கேட்டு வைக்க வேண்டும். காய்ச்சல் செய்தித்தாளில் வந்த பிறகு டெண்டர் விட்டால், மருந்து வரும்போது மழை நின்றிருக்கும்.

2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃபுளூ வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. நல்ல வேலைதான். ஆனால் முகாம், வந்த காய்ச்சலைக் கண்டுபிடிக்கும், வருமுன் தடுக்காது. ஹஜ் பயணிகளில் முதியவர்களுக்கும் இணைநோய் உள்ளவர்களுக்கும் அரசு ஏற்பாட்டிலேயே இந்த ஊசி போடப்படுகிறது. முன்கூட்டித் திட்டமிட்டால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் மனைவிக்கு: கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். 0.5 மி.லி., மேற்கைத் தசையில், ஒரே ஊசி. மூக்கில் விடும் உயிர்வைரஸ் மருந்து மட்டும் கூடாது. பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது. தாயிடமிருந்து போகும் எதிர்ப்புச் சக்திதான் அதுவரை அதற்குக் காவல். செலவானாலும் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

“அப்பாவுக்கு வயது 72, சர்க்கரை உண்டு. மே மாதம் ஊசி போட்டோம். நவம்பரில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துவிட்டார். பழைய மருந்தைத் தலையில் கட்டிவிட்டார்களா?” – வாசகி, மடிப்பாக்கம், சென்னை

அட்டைப்பெட்டி இருந்தால் பாருங்கள். எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே ‘பி/ஆஸ்திரியா/1359417/2021’ என்பதுபோல வகைகளின் பெயர் இருக்கும். முதலில் வைரஸின் இனம், பிறகு கண்டெடுத்த இடம், மாதிரி எண், ஆண்டு. கடைசியில் உள்ள ஆண்டைப் பார்த்துப் பழைய மருந்து என்று பயப்பட வேண்டாம், அது வைரஸ் கிடைத்த ஆண்டு. காலாவதித் தேதிதான் கணக்கு. நான்கு வகைக்குப் பதில் மூன்று வகை இருந்தாலும் குறையில்லை: பி யமகதா என்ற நான்காம் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகவில்லை.

இங்கே பெரிய சிக்கல் மருந்தைவிட மாதம்தான். டெல்லி, புனே பக்கம் ஃபுளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. அங்கே ஏப்ரல், மே மாதம் போடுவது சரி. சென்னையில் உச்சம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் வருகிறது. மே மாதம் போட்ட ஊசியின் வேகம் அதற்குள் தணிந்துவிடும், முதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நாடு முழுவதற்கும் ஒரே மாத அறிவுரை நம் ஊருக்குப் பொருந்தாது என்பதை அதிகாரிகள் உரக்கச் சொல்வதில்லை. அது பெரிய குறை. அடுத்த முறை செப்டம்பர் முதல் பாதிக்குள் போடுங்கள். பலன் தொடங்க இரண்டு வாரம் வேண்டும்.

வைரஸ் நன்றாகப் பொருந்தும் ஆண்டிலும் இந்த ஊசி தரும் பாதுகாப்பு 40 முதல் 60 சதவீதம்தான், முதியவர்களுக்கு இன்னும் குறையலாம். ஆனாலும் ஐ.சி.யூ. வரை போவதை அது குறைக்கிறது. நவம்பர் காய்ச்சல் டெங்குவாகவும் இருந்திருக்கலாம். அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

“மருந்துக்கடையில் வாங்கி டாக்டரிடம் எடுத்துப்போகலாமா?” – வாசகர், நாகர்கோவில்

முடிந்தவரை வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. வெயிலைவிட ஐஸ்கட்டிதான் அதிகம் கெடுக்கிறது. பாலித்தீன் பையில் ஐஸோடு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும், உறைந்து இளகியது பார்வைக்குத் தெரியாமலும் போகலாம். வேறு வழியில்லை என்றால் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்தபின் பெட்டியில் வையுங்கள். ஊசிக்கும் அதற்கும் நடுவே அட்டை இருக்கட்டும்.

இன்னொன்று: 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஒன்றோடு நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

“ஆண்டுதோறும் புலம்புவதைத் தவிர நாங்கள் என்ன செய்வது?” – வாசகி, திருச்சி

தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ‘ஏன் போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஃபுளூ ஊசிகள் வாங்கப்பட்டன, கொள்முதல் ஆணையின் தேதி என்ன, மாவட்டக் கிடங்குக்கு வந்த தேதி என்ன, யாருக்குப் போடப்பட்டது, எத்தனை காலாவதியாகின. மனு கிடைத்த 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஆணையின் தேதியையும் மருந்து வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தாமதம் எங்கே என்று தெரிந்துவிடும். அந்தத் தாளோடு கிராம சபையிலும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கேட்டால் அந்த ஆண்டு மழைக்கே பயன்படும்.