நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குளிர்வது ஏன்?

ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் கோண அளவில் சொல்வதுதான் அட்சரேகை. நிலநடுக்கோடு 0 டிகிரி, துருவங்கள் 90. சிங்கப்பூர் 1, சென்னை 13, பின்லாந்தின் ஹெல்சிங்கி 60.

முக்கியமான காரணம் வெயில் விழும் சாய்வு. மார்ச் 21 வாக்கில் நண்பகலில் நிலநடுக்கோட்டில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நாளில் ஹெல்சிங்கியில் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரம்தான். ஒரு சதுர மீட்டரில் விழ வேண்டிய வெயில் அங்கே இரண்டு சதுர மீட்டரில் பரவுகிறது. ஒரே கரண்டி மாவை ஊத்தப்பமாக விடுவதற்கும் மெல்லிய தோசையாக இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. போதாக்குறைக்கு, சாய்ந்து வரும் கதிர் ஏறக்குறைய இரு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். வழியிலேயே கொஞ்சம் சிதறிப்போகும். துருவப் பக்கம் பனி வேறு, வந்து சேர்ந்ததில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆனாலும் அட்சரேகையை மட்டும் வைத்து வெயிலைக் கணிக்க முடியாது. ஈக்வடாரின் கீட்டோ நிலநடுக்கோட்டுக்கு ஒட்டியே இருந்தும், சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுக்கக் குளுகுளுதான். 27 டிகிரி வடக்கில் உள்ள ராஜஸ்தானின் பலோடியிலோ 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது: மேகமில்லாத வானம், காய்ந்த மண், நீண்ட பகல்.

'நிலநடுக்கோடு சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடு' என்று பலர் நினைக்கிறார்கள். சூரியன் இருப்பதோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், அதில் பூமியின் ஆரமான 6,400 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.