சயின்ஸ் சார் என்ன சாதித்தார்? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எங்கள் சயின்ஸ் சார் மறைவுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். நானும் அவரிடம் படித்தவன்தான். வேலைக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைதானே? நன்றாக அடிப்பார், அதை ஏன் விட்டீர்கள்? நம் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம், பல்லைக் காவியாக்குவது அந்த உப்புதான் என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தினார். ஊர் கேட்கவில்லை. ஒக்கேனக்கல் தண்ணி வந்த பிறகுதான் விடிந்தது. இன்ஜினியர்கள் செய்ததை வாத்தியார் கணக்கில் எழுதலாமா? கோபத்தில் கேட்கவில்லை. அவர் என்ன சாதித்தார் என்று எனக்கே தெரிய வேண்டியிருக்கிறது.

ம., பென்னாகரம்

அன்புள்ள ம.,

அடியை முதலில் பேசிவிடுவோம். அடித்தார். "அடியாத மாடு படியாது" என்று அதையும் பெருமையாகச் சொல்லும் பழைய மாணவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. எழவு வீட்டில் பேச வேண்டாம் என்று விட்டேன். நீங்கள் எடுத்தது சரிதான். சம்பளமும் வாங்கினார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் கேள்வி தண்ணீரைப் பற்றியது. அந்தத் திங்கட்கிழமைகள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கிணறா போர்வெல்லா, எத்தனை அடி ஆழம், யார் வீடு என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சார் சிர்க்கோனியம்–அலிசரின் கரைசலை விடுவார். ஃபுளோரைடு இல்லையென்றால் சிவப்பு அப்படியே நிற்கும், ஏற ஏற மஞ்சளுக்குப் போகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. முடிவை நம் கையாலேயே ஊர் வரைபடத்தில் குறிக்கச் சொல்வார்.

வரைபடம் நிறைய நிறைய ஒன்று புலப்பட்டது. ஆழமான போர்களில்தான் மஞ்சள் அதிகம். நம் தருமபுரி மாவட்டத்துப் பாறையில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. ஆழத்துத் தண்ணீர் அந்தப் பாறையோடு நெடுநாள் கிடக்கிறது, கிடக்கக் கிடக்க ஃபுளோரைடு அதிகமாகக் கரையும். ஏரி தூர்ந்தால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் போர், அதுவும் வற்றினால் இன்னும் ஆழமான போர். நம் பல்லில் இருந்த காவிக்கும் தூர்ந்துபோன ஏரிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பாடப்புத்தகத்தில் அது இல்லை. கணக்குக்கு அடங்காத கிணறு ஒன்றிரண்டு இருந்தால் அவருக்கு உற்சாகம் தாங்காது, சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவார்.

அந்தக் காவிப் பல்லால் போட்டோவில் சிரிக்காமல் நின்றவர்கள் நாம். செங்கல் பொடி, அடுப்புக்கரி எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்ட அக்காமார்களை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். கறை வெளியிலிருந்து ஒட்டுவதில்லை. நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதே பழுதாகிவிடுகிறது, அது பெரும்பாலும் எட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிற காரியம்.

இதை யோசித்துப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஃபுளோரைடு பாடம் நடத்தி அவன் பல்லை மாற்ற முடியாது. சாருக்கு இது நன்றாகவே தெரியும். அவர் நடத்தியது வீட்டில் தொட்டிலில் கிடந்த தங்கைக்கும், அந்த வகுப்புப் பெண்கள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும். வகுப்பில் இல்லாதவர்களுக்குப் பாடம் எடுத்தவரின் பலனை வகுப்பில் இருந்த நம்மை வைத்து அளக்கிறீர்கள். ஊர் கேட்கவில்லை என்கிறீர்கள், சரி. ஊரிடம் வேறு தண்ணீர் எங்கே இருந்தது?

ஒக்கேனக்கல் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். அந்தப் பெருமை முழுக்க அதைச் செய்தவர்களுக்கே, அதில் ஒரு பைசா சாருக்கு வேண்டாம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் என்ன செய்கிறோம்? போர் தண்ணியைப் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கிறோம். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். என் பெரியம்மா மகள் அவரிடம் படித்தவள். குழாய் வராத நாளில் களி கிண்டுவதற்குக்கூட அரை மைல் நடந்து சிவப்பு மாறாத அந்தப் பழைய கிணற்றுக்குத்தான் போகிறாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பல் வெள்ளை.

2004 ஜூன் 8-ம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது பைனாகுலரால் அதை வெள்ளைத் தாளில் விழவைத்துக் காட்டினார், ஏப்ரலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நாளைக் காட்டினார். அதெல்லாம் நல்ல நினைவுகள். என்ன சாதித்தார் என்று கேட்டால் நான் அந்த வரைபடத்தைத்தான் எடுத்து வைப்பேன்.

அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் செட்டில் யாரிடமாவது அந்த வரைபடம் இருந்தால் போன் கேமராவில் எடுத்து அனுப்புங்கள். அன்று குறித்த இடங்களில் போர்கள் இப்போது இன்னும் கீழே போயிருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். பென்னாகரம் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பாலக்கோட்டுப் பக்கம் நான் போகிறேன். பாட்டிலில் அடிக்கணக்கை எழுத மறந்துவிட வேண்டாம்.