சோய்யா கள்ளி காலில் ஒட்டிக்கொண்டால்

மகள் காலில் சோய்யா, அதாவது துண்டு துண்டாக உடைந்து ஒட்டிக்கொள்ளும் முள் அடர்ந்த கள்ளி, ஒட்டிக்கொண்டது, பிடுங்கப் போன உங்கள் விரலிலும் மாட்டியது, எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். கையால் இழுக்காதீர்கள், சீப்பால் எடுங்கள். பல் அகலமான சீப்பைத் தோலுக்கும் கள்ளித் துண்டுக்கும் நடுவில் நுழைத்து வெடுக்கென்று தள்ளினால் துண்டு தெறித்து விழும், அந்தப் பக்கம் மட்டும் யாரும் நிற்கக்கூடாது. மிச்ச முட்களை ட்வீசரால் எடுக்கலாம்.

மகள் செடியைத் தொடவே இல்லை என்கிறீர்கள், இருக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் சோய்யா தோட்டத்தில் உதிர்ந்த துண்டுகள் தரையிலேயே கிடக்கும், செருப்பில் ஒன்று ஏறினால் போதும், அடுத்த அடியில் கெண்டைக்காலில் குத்திவிடும். முள்ளில் கண்ணுக்குத் தெரியாத பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, பிடுங்கப் போன உங்கள் விரலிலும் அதனால்தான் மாட்டிக்கொண்டது.

எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பஞ்சால் லேசாக வருடுங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும். மூட்டருகே ஆழமாக முறிந்திருந்தாலோ மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ ஊசி வைத்துத் தோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.