ஏஐ எழுதிய பாம்புக் குறிப்புகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மழைக்காலம் வந்தால் பாம்பு பற்றிய குறிப்புகளும் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். முன்பு அவை யாரோ ஒருவர் கைப்பட எழுதியதாக இருந்தன. இப்போது பெரும்பாலும் ஏஐ எழுதி, ஏஐ படம் வரைந்து, ஏஐ குரலில் பேசுகிறவை. கொங்குப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளிடமும் தோட்ட வேலை செய்பவர்களிடமும் பாம்புக்கடி பற்றிப் பேசி வருகிறேன். அதனால் இந்தக் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

"தலை முக்கோணமாக இருந்தால் விஷப் பாம்பு. கண்மணி வட்டமாக இருந்தால் விஷமில்லாதது" என்று அழகான படத்தோடு ஒரு கார்டு வந்தது. இது சரிதானா அக்கா? (திருப்பூர்)

தவறு தம்பி. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

இந்த விதி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே கடிக்கும் விஷப் பாம்புகளில் பெரும்பாலானவை கிலுகிலுப்பைப் பாம்பு போன்ற குழிவிரியன்கள். அவற்றின் தலை அகன்றிருக்கும், கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் செங்குத்துக் கோடாக இருக்கும். அந்த ஊரிலேயே பவளப் பாம்பு இந்த விதிக்குள் வராது. நம் ஊருக்குக் கொண்டுவந்தால் விதி தலைகீழாகிவிடும். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம்தான், தலையும் முக்கோணம் இல்லை. யாருக்கும் தீங்கு செய்யாத மண்ணுளிப் பாம்புக்கோ கண்மணி செங்குத்துக் கோடு. மலைப்பாம்புக்கும் அப்படியே. அதாவது இந்தக் கார்டை நம்புகிறவர் கட்டுவிரியனைக் கையால் எடுத்துப் போடுவார், மண்ணுளியை அடித்துக் கொல்வார்.

ஏஐ ஏன் இப்படி எழுதுகிறது? அது படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். பாம்பு பற்றிய ஆங்கில எழுத்தில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நிறைய இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஊர்ச் செய்தியை நல்ல தமிழில் நமக்குத் தந்துவிடுகிறது. அதனால் எந்தக் குறிப்பு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எந்த ஊர்ப் பாம்பைப் பற்றியது என்பதுதான். இந்தியாவில் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணமான பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கில் ஒன்றின் பெயர்கூட இல்லாமல் "விஷப் பாம்புகளைக் கண்டறிய 7 வழிகள்" என்று ஒன்று வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு பதிவு ஏஐ எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்? (கல்லூரி மாணவி, புதுக்கோட்டை)

சில அடையாளங்கள் உண்டு. எல்லாப் பத்தியும் ஒரே நீளம், வரிக்கு வரி பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் குறி. ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து, சாரையை "எலிப் பாம்பு" என்றும் கண்ணாடி விரியனை "ரஸ்ஸலின் பாம்பு" என்றும் எழுதியிருக்கும். வரைந்த படத்தில் நல்ல பாம்பின் மூக்குக்கண்ணாடிக் குறி அது விரிக்கும் கழுத்தின் முன்பக்கம் இருக்கும், உண்மையில் அது பின்பக்கம்.

ஆனால் இந்த அடையாளங்களை ரொம்ப நம்பாதீர்கள். கருவிகள் வேகமாகத் தேறி வருகின்றன, இன்றைய பிழை நாளை இருக்காது. மனிதர் எழுதிய தப்பான குறிப்புகளும் ஏராளம். யார் எழுதினார்கள் என்பதைவிட யார் பொறுப்பேற்கிறார்கள் என்று பாருங்கள். பெயர், வேலை, ஊர், தேதி இருக்கிறதா? அந்த ஆளைத் தேடினால் வேறு எங்காவது கிடைக்கிறாரா? இரண்டு மூன்று நிமிட வேலைதான்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர், பாம்பு கடித்த காலை விரலிலிருந்து தொடைவரை பேண்டேஜால் இறுக்கிச் சுற்றச் சொல்கிறார். தெளிவான தமிழ். செய்யலாமா? (விழுப்புரம்)

அந்த டாக்டரின் பெயரும் மருத்துவமனையும் வீடியோவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முகமும் குரலும் இப்போது கணினியில் செய்துவிடக்கூடியவை.

சொன்ன விஷயத்துக்கு வருவோம். அந்தக் கட்டு ஆஸ்திரேலியாவில் முறையாகக் கற்றுத்தரப்படும் முதலுதவி. அங்கே ஆபத்தான பாம்புகள் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை, விரியன்களே கிடையாது. நமக்கோ கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடி அதிகம். இந்த இரண்டு விரியன்களின் விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும். அதை ஒரே இடத்தில் இறுக்கி அடைத்துவைத்தால் கால் போய்விடக்கூடும். கயிறோ துணியோ கொண்டு இறுக்கிக் கட்டுவது இன்னும் மோசம்.

நம் ஊரில் செய்யவேண்டியது எளிது. கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் கை காலை ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடித்து எடுத்துப்போகவும் வேண்டாம். அந்த நான்கு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

"வீக்கமோ வலியோ இல்லையென்றால் விஷம் ஏறவில்லை, வீட்டிலேயே இருக்கலாம்" என்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. (தென்காசி)

தயவுசெய்து இந்தப் பதிலை அந்தக் குழுவில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். அதன் பல் சின்னது. கடித்த தடமே தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது, வலி பெரும்பாலும் இருக்காது, எறும்பு கடித்ததாக நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி வரும், வாந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். அப்புறம் இமை தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி போகும் இடத்தையே தாக்குவதால் இப்படி நடக்கிறது. நேரத்தோடு மருத்துவமனை சேர்த்து, தேவைப்பட்டால் வென்டிலேட்டரில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். "வலி இல்லையே" என்று ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருப்பது அந்தக் கணக்கில் இன்னொருவரைச் சேர்க்கும். தரையில் படுத்திருந்தவர் அதிகாலையில் வயிற்றுவலியோடும் இமைச் சோர்வோடும் எழுந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்துக் கிளம்புங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் சந்தோஷம்தானே. முடிந்தால் கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள், அது கட்டுவிரியனையும் தடுக்கும்.

சமையலறையில் வந்த பாம்பைப் படம் எடுத்து ஏஐ செயலியில் கேட்டேன். "ஓநாய்ப் பாம்பு, ஆபத்தில்லை" என்றது. நம்பலாமா அக்கா? (சேலம்)

நம்பிக் கை வைக்காதீர்கள். வெள்ளிக்கோல் வரையன் என்கிற ஓநாய்ப் பாம்பும் கட்டுவிரியனும் கருமையான உடலில் வெளிர் பட்டைகளோடு ஒன்றுபோல இருக்கும். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் கழுத்தில் பட்டை இருக்காது, சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும், மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக வரும். முதுகு நடுவில் அறுகோணச் செதில்கள் பெரிதாக வரிசையாக இருக்கும். இதையெல்லாம் மங்கலான செல்போன் படத்தில், பாதி உடல் அடுப்புக்கடியில் இருக்கும்போது, பயிற்சி பெற்றவரே தடுமாறுவார். செயலி தடுமாறினாலும் "தெரியவில்லை" என்று சொல்லாமல் ஒரு பெயரை உறுதியாகச் சொல்லிவிடும் என்பதுதான் என் கவலை.

தள்ளி நின்று, பாம்பின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கேரளத்தில் வனத்துறையே சர்ப்பா என்ற செயலி வைத்திருக்கிறது, அதில் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழைக்கலாம். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருக்கும் உங்கள் உறவினர்களுக்கு உதவும்.

சிறியாநங்கை வளர்த்தால், வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டினால், பூண்டுச் சாறு தெளித்தால் பாம்பு வராது என்று "விஞ்ஞானிகள் உறுதி" போட்டு வீடியோ வருகிறதே? (தஞ்சாவூர்)

முதல் இரண்டும் நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. ஏஐ அதை எடுத்து, விஞ்ஞானி என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பித் தருகிறது. எந்த விஞ்ஞானி, எந்தக் கல்லூரி என்று இருக்காது. செடியோ பூண்டோ பினாயிலோ அந்துருண்டையோ பாம்பை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அந்துருண்டையைக் குழந்தை வாயில் போட்டால் அது தனி ஆபத்து.

பாம்பு எலிக்காக வருகிறது. நெல் மூட்டை, கோழித் தீவனம், செங்கல் குவியல், விறகு அடுக்கு இவற்றை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கதவடி இடைவெளியையும் சாக்கடைத் துளையையும் அடையுங்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச், செருப்பு.

எங்கள் தாத்தா பச்சிலையால் பலரைக் குணமாக்கியிருக்கிறார். அதை மறுக்கலாமா? (தருமபுரி)

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை அம்மா. கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில நேரம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர்கள் எந்த மருந்தும் இல்லாமலே பிழைத்திருப்பார்கள். அந்தப் பெருமை பச்சிலைக்குப் போய்விட்டது. உண்மையில் விஷம் ஏறியவருக்கு விஷமுறிவு மருந்தைத் தவிர மாற்று கிடையாது. அந்த மருந்து செய்யத் தேவைப்படும் பாம்பு விஷத்தின் பெரும்பகுதியை எடுத்துத் தருகிறவர்களும் நம்மவர்கள்தான். சென்னை அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த வேலையைச் செய்கிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பைப் பற்றிய நம் பாரம்பரிய அறிவைப் பேச விரும்புகிறவர்கள் இவர்களைப் பற்றிப் பேசட்டும்.

குழந்தைக்கு விஷமுறிவு மருந்தில் பாதி டோஸ் போதும் என்று ஏஐ சொல்கிறது. (மதுரை)

இல்லை. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குழந்தைக்கும் பெரியவர் அளவுதான் கொடுப்பார்கள். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கொம்பேறி மூக்கன் கடித்தால் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரமேறிப் பார்க்குமாம். வீடியோவே இருக்கிறதே! (ராமநாதபுரம்)

அது மரத்தில் வாழும், பல்லி ஓணான் தின்னும் விஷமில்லாத பாம்பு. வீடியோ இருப்பது இப்போது எதற்கும் சான்றில்லை. 2025-இல் மத்திய இந்தியாவில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகப் பக்கம், குடிபோதையில் ஒருவர் புலியைத் தடவிக்கொடுப்பதாக ஒரு வீடியோ பரவியது. அது ஏஐ செய்தது. அதைப் பார்த்த ஒரு பையன் நிஜப் புலியிடம் போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பயம்.

குழுவில் தப்பான குறிப்பு போட்ட பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? (ஈரோடு)

குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "பெரியப்பா, அது அமெரிக்கப் பாம்புக்கு எழுதினது, நம்ம கட்டுவிரியனுக்குப் பொருந்தாது" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் நீக்கிவிடுவார்கள். அந்தக் கார்டின் மேல் "பொய்" என்று எழுதித் திரும்பப் போடவும் வேண்டாம். வெட்டி எடுத்து மறுபடி அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு பயனுள்ள தகவலைப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2024 முதல், மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாகப் பாம்புக்கடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் ராத்திரியிலும் விஷமுறிவு மருந்து இருக்கிறது, எங்கே வென்டிலேட்டர் இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு, அந்த இரண்டு மருத்துவமனைகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரியப்பாவே குழுவில் போடட்டும்.