கேள்வி–பதில்: கைசர் எப்படி ஜார் ஆனார்?

கேள்வி: லத்தீனில் இருந்த 'க' இத்தாலியத்தில் 'ச்ச' ஆகியிருக்கிறது. ரஷ்யனிலும் 'ரூக்கா' (கை), 'ரூச்கா' (சிறு கை, கைப்பிடி) என்று அதே மாற்றம் தெரிகிறது. ஒன்றைப் பார்த்து மற்றது மாறியதா?

பதில்: இல்லை. இ, எ வரப்போகிறது என்றால் நாக்கு முன்கூட்டியே அண்ணத்தின் பக்கம் நகரும்; ககரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த மொழியிலும் இது தானாக நடக்கலாம். கன்னடத்தில் 'கிவி', நம்மிடம் 'செவி'!

லத்தீனிலிருந்து பிறந்த ரொமான்ஸ் மொழிகளிலும் எல்லாம் ஒரே வழியில் போகவில்லை. 'கெந்தும்' (நூறு) இத்தாலியத்தில் 'சென்ட்டோ'. பிரெஞ்சில் முதலெழுத்து வெறும் 'ஸ'. இத்தாலியின் சார்டீனியத் தீவில் சில வட்டாரப் பேச்சுகளில் இன்றும் 'கெந்து'. பிரெஞ்சு 'அ'வுக்கு முன்னும் ககரத்தை மாற்றியது: 'கந்தாரே' (பாடுதல்) 'ஷான்ட்டே' ஆயிற்று. இது ஸ்லாவியத்தில் (ரஷ்யன், செக், உக்ரேனியன் முதலியவற்றின் குடும்பம்) இல்லை.

ஸ்லாவியத்தின் தனித்தன்மை, இந்த மாற்றம் அலை அலையாக வந்தது. முதல் அலையில் க, 'ச்ச' ஆனது. பின்னர் 'ஐ' என்ற கூட்டுயிர் ஏகாரம்போல் ஒலிக்கத் தொடங்க, அதன் முன் நின்ற ககரம் இம்முறை 'ட்ஸ' ஆனது. விலை, ஸ்லாவியத்தின் உறவு மொழியான லிதுவேனியனில் 'கைனா', ரஷ்யனில் 'ட்ஸெனா'. ரோமப் பேரரசர்களின் பட்டமான 'கைசர்' (நாம் சீசர் என்பது) கதையும் இதுதான். லத்தீனில் ககரம் மாறுமுன்பே ஜெர்மானியர் அந்தச் சொல்லை வாங்கிவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஸ்லாவியத்துக்கு வந்து 'ட்ஸேசர்' ஆகி, பின் 'ட்ஸார்' எனச் சுருங்கியது. நாம் ஜார் என்கிறோம்.

ரஷ்யனில் தேவாலயத்தைக் குறிக்கும் 'ட்ஸெர்கவ்' இன்னும் பயனுள்ள சான்று. மூலமான ஜெர்மானியச் சொல்லில் ககரத்தை அடுத்து இகரம். இருந்தும் 'ச்ச' வரவில்லை. ஆகவே முதல் அலை ஓய்ந்த பிறகுதான் அந்தச் சொல் உள்ளே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒப்பிடும்போது எங்கே தவறு நேர்கிறது?

பதில்: இன்றைய உயிரெழுத்தைப் பார்த்து முடிவு கட்டுவதில். அது பழைய இகரமா, 'ஐ'யிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வேற்றுமை உருபேற்ற வடிவங்கள். 'கைக்கு' என்பது உக்ரேனியனில் 'ருட்ஸி', செக்கில் 'ருட்ஸே', ரஷ்யனிலோ 'ருக்கே'. ரஷ்யனில் இரண்டாம் அலை வராமல் இல்லை. மற்ற வடிவங்களில் இருந்த ககரம் இங்கும் திரும்பிவிட்டது. கடைசியாகக் கடன்சொற்கள். ருமேனியனில் நூறு 'சுத்த'. லத்தீன் வாரிசு என்றால் 'ச்ச'வில் தொடங்கியிருக்கும், 'ந'கரமும் தங்கியிருக்கும். ஸ்லாவியத்தின் 'சுத்தோ'விலிருந்து வந்த கடன் என்பதே பெரும்பாலோர் கருத்து.