மகனுக்கு ஓர் இரவு, மகளுக்கு ஓர் இரவு

கேள்வி: என் மகன் கனடாவின் டொரன்டோ நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை நண்பர்களுடன் கிளம்பியவன், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் அறைக்குத் திரும்பினான். இரவெல்லாம் கலை விழாவாம். ஒரு கட்டடச் சுவரில் ஓடிய வெளிச்சத்தைப் பார்க்க அரைமணி நேரம் வரிசையில் நின்றார்களாம். இதைக் கேட்டுவிட்டு, கோவையில் கல்லூரியில் படிக்கும் மகளும், "மாசித் திருவிழாவுக்கு மதுரைப் பக்கம் தோழியின் ஊரில் விடிய விடிய நாடகம் நடக்கிறது, நான்கு பேராகப் போய்வருகிறோம்" என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கணவரும் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து இரவெல்லாம் நடந்து பழனிக்குப் போகிறவர்தான். ஆனால் அது பக்தி. கலை என்ற பெயரில் இரவெல்லாம் வெளியில் இருப்பது நம் பண்பாட்டுக்கு அடுக்குமா?
— ஒரு வாசகி, பெருமாள்மலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின்படி, கணவர் இரவெல்லாம் விழித்திருந்தால் அது பக்தி. மகன் விழித்திருந்தால் வருத்தம். மகள் விழித்திருக்க நினைத்தாலே தடை. பண்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாக வழங்கப்படும் ஒன்றைப் பண்பாடு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஒரு தாயின் கவலையோடு கேட்டிருக்கிறீர்கள் என்பதால், உங்கள் மகன் போன விழாவிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த விழாவுக்கு "நுவி பிளான்ஷ்" என்று பெயர். நேர்ப்பொருளில் வெள்ளை இரவு. பிரெஞ்சுக்காரர்கள் தூங்காமல் கழித்த இரவை அப்படித்தான் சொல்வார்கள். 2002 அக்டோபரில் பாரிஸ் நகராட்சி இதைத் தொடங்கியது. டொரன்டோ 2006-இல் தன் ஊரில் ஏற்பாடு செய்தது. மாலையில் தொடங்கி விடியும் வரை நகரத்தின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை வைப்பார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. பகல் முழுவதும் கார்களுக்கும் அலுவலகங்களுக்கும் சொந்தமாக இருக்கிற ஒரு நகரம், வருடத்தில் ஒரே ஓர் இரவு, நடந்து போகிறவர்களின் கைக்கு வருகிறது. அருங்காட்சியகத்தின் வாசற்படியைத் தாண்டத் தயங்குகிறவரும் தெருவில் வைத்த கலையின் முன் நிற்பார். ஒளியால் செய்த படைப்புக்கு இருட்டு வேண்டும் என்பதும் சாதாரணமான உண்மைதான். பகலில் அதே சுவரில் உங்கள் மகனுக்குப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

டொரன்டோவின் அந்த முதல் ஆண்டு விழாவில் நடந்த ஒன்றை மலையில் வாழ்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு மரத்தடி நடைபாதை நிறையப் பனிமூட்டத்தை உண்டாக்கினார். தூய தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பீச்சி அவர் மூட்டத்தை உருவாக்குவார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியிலிருந்தே அவருடைய கலை அதுதான். அவருடைய தந்தை உகிச்சிரோ நகாயா, 1936-இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகம் செய்த விஞ்ஞானி. அந்த இரவில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த மூட்டத்துக்குள் நடந்தார்கள். நமக்கு மூட்டம் என்றால் துவைத்த துணி மூன்று நாள் காயாமல் கிடப்பது, எதிரே வருகிற வண்டி தெரியாமல் விளக்குப் போட்டு ஊர்ந்து போவது. அதைப் பார்க்க ஓர் ஊரே தூக்கத்தை விடுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பெருமாள்மலை வளைவில் மூட்டம் இறங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்: பேச்சைக் குறைத்து, பக்கத்தில் வருகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, காலடியைக் கவனித்து நடப்பீர்கள். அந்த நகரத்தார் முன்பின் அறியாதவர்களுடன் சேர்ந்து அப்படி நடப்பதற்காகத்தான் அன்று வந்தார்கள். உங்கள் மகன் வரிசையில் நின்ற அரைமணி நேரத்தையும் வீண் என்று நான் நினைக்கவில்லை. நண்பர்களோடு குளிரில் அப்படி நின்ற நேரம் மனதைவிட்டு எளிதில் போகாது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இரவெல்லாம் விழித்துக் கலையைப் பார்ப்பது மேல்நாட்டு வழக்கம் என்ற தொனி உங்கள் கேள்வியில் இருக்கிறது. அதை நான் மறுக்கிறேன். வட மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோவில் பாரதக் கூத்து இரவு தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரை நடக்கும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம் என்ற போர்க்களச் சடங்குக்கு ஊரே திரளும். நம் மதுரை, திண்டுக்கல் பக்கமோ சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த இசை நாடகங்களின் பூமி. அவர் 1922-இல் மறைந்தார். அவர் அமைத்த வள்ளி திருமணம் இன்றும் ஊர்த் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கிறது. உங்கள் மகள் பார்க்கப் போவதும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

நான் கல்லூரியில் படித்தபோது அடிவாரத்து ஊர் ஒன்றில் அந்த நாடகத்தைப் பார்த்தேன். பத்து மணிக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டு என்கிற தாளக் கருவிகளும் தொடங்கின; பபூன் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்கிவிட்டுப் போனபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தினைப்புனத்தில் வள்ளி வந்தாள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தில் இவ்வளவு நேரம்தான் என்ற கணக்குக் கிடையாது. நடிகர்களின் வித்தையும் கூட்டத்தின் கைதட்டலும்தான் அதை நீட்டிக்கொண்டே போகும். மூன்று மணி இருக்கும், பனி இறங்கி நான் உட்கார்ந்திருந்த சாக்கு ஈரமாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பாட்டி, மடியில் பேரன் தூங்க, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நாரதர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் வள்ளிக்கு முன்னால் தானே பதில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாகக் கேட்டிருப்பார்! முருகன் மாலை சூட்டியபோது பொழுது புலர்ந்துவிட்டது.

காலையில் வீட்டுக்கு வந்தேன். அக்கா அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து இதே நாடகத்தைப் பார்த்தவள். வயதுக்கு வந்த பிறகு அவளை ஒருமுறையும் அழைத்துப் போகவில்லை. "தர்க்கத்துல வள்ளி என்னடா சொன்னா?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் எரிச்சலாக ஏதோ சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். நாற்பது வருடம் ஆகிறது. அன்று உட்கார்ந்து முழுவதையும் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் அது அவள் கேட்டதாக ஆகியிருக்காது. உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றிய அந்த ஒற்றை வரியைப் படித்ததும் எனக்கு அக்காவின் முகம்தான் வந்தது. இந்தப் பதில் சற்றுக் கடுமையாக இருந்தால் காரணம் அதுவே.

மேடையில் வள்ளியாக நிற்பவரும் பெண்தான் என்பதை மறக்க வேண்டாம். ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடம் நடிக்கும் பெண்கள் இருட்டும் நேரத்தில் வேனில் புறப்பட்டு, விடிய விடிய நின்று பாடி, காலையில் வீடு திரும்பிச் சமைக்கிறார்கள். உங்கள் கணவர் நடக்கிற அதே தைப்பூசப் பாதையிலும், ஒளிரும் பட்டை ஒட்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்னதானப் பந்தலில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, எத்தனையோ பெண்கள் கூட்டமாக நடக்கிறார்கள். அது பக்தி, இது கலை என்று நீங்கள் பிரித்தீர்கள். வள்ளி கல்யாணத்தை விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பாட்டியை எந்தப் பக்கம் வைப்பது?

பயம் இருக்கிறது என்பீர்கள். இருக்கத்தான் வேண்டும், அதை நான் சிறிதாக்க மாட்டேன். பாரிஸில் 2002-இல் நடந்த முதல் வெள்ளை இரவிலேயே, மக்களுக்காகத் திறந்துவிடப்பட்ட நகர மன்றத்தில் மேயர் பெர்த்ரான் டெலனோயே கத்தியால் குத்தப்பட்டார். அவர் பிழைத்தார், அடுத்த ஆண்டும் விழா நடந்தது. நள்ளிரவுக்குமேல் குடித்துவிட்டு அலைகிற கூட்டம் அங்கேயும் உண்டு, நம் திருவிழா மேடைக்குப் பின்னாலும் உண்டு. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும். நாடகம் ஏன் விடியும் வரை நடந்தது? பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு இரவுதான் சொந்தம் என்பது ஒன்று. பல ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் நடுநிசியில் இருட்டில் திரும்ப முடியாது என்பது இன்னொன்று. காட்டுமாடு நிற்கிற பாதையில் இரண்டு மணிக்கு யார் வீடு திரும்புவார்கள்? எல்லோரும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கலைந்து போனார்கள். ஆயிரம் பேர் நடுவில் விடியும் வரை இருப்பதைவிட, பாதியில் எழுந்து தனியாகக் கிளம்புவதுதான் ஆபத்து. டொரன்டோவில் இரவுப் பேருந்துகளும் சில டிராம் தடங்களும் அன்றாடம் விடியவிடிய ஓடுகின்றன. உங்கள் மகனுக்கு எந்த நேரத்திலும் அறைக்குத் திரும்ப வழி இருந்தது. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் அந்த வழி கிடையாது. ஆகவே உங்கள் மகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: தோழியின் வீடு நாடக மேடையிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கே பெண்களுக்குக் கழிப்பறை வசதி உண்டா? தோழியின் தாயாரும் நாடகம் பார்க்க வருகிறாரா? நான்கு பேரும் ஒன்றாகவே இருப்பார்களா, ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் நால்வருமே எழுந்து போவார்களா? காலையில் எந்தப் பஸ்? இவற்றுக்கு அவளிடம் பதில் இருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நான்கு பேராகப் போகிறோம் என்பதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லியிருக்கிறாள். பதில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் "முடியாது" நிற்கட்டும்; பதில் வந்த பிறகும் அது நிற்கக் கூடாது.

மகனிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்குத் திரும்பினான் என்பது உங்களுக்குத் தெரிகிறது. அந்தச் சுவரில் ஓடிய வெளிச்சம் எதைப் பற்றியது என்று அவனிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை பேசும்போது கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.

மகளை அனுப்பும்போது கம்பளிச் சால்வை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். மலைக் குளிர் பழகியவள் என்று விட்டுவிட வேண்டாம். மாசிப் பனி மூன்று மணிக்குமேல் தரையிலிருந்து ஏறும், சாக்கு அதைத் தாங்காது. மறுநாள் அவள் வந்ததும் ஒரு டம்ளர் காபி கொடுத்து, மதியம் வரை தூங்கவிடுங்கள். எழுந்த பிறகு, நாரதரிடம் வள்ளி என்ன சொன்னாள் என்று கேளுங்கள்.