48 ÷ 6 × 2: விடை 16ஆ, 4ஆ?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். 48 ÷ 6 × 2 என்ற கணக்குக்கு 4 என்று எழுதினாள். ஆசிரியர் அதை 16 என்று திருத்தியிருக்கிறார். எந்தக் குறியை முதலில் கவனிப்பது என்பதை நினைவில் வைக்க, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த சொல்லாக நான் ஊரில் படித்தது 'போட்மாஸ்' (BODMAS). அவள் யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்திருப்பது 'பெம்டாஸ்' (PEMDAS). ஒன்றில் வகுத்தல் முன்னால் வருகிறது, இன்னொன்றில் பெருக்கல். எதைச் சொல்லிக்கொடுப்பது? (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்)

பதில்: 16தான் சரி. போட்மாஸ், பெம்டாஸ் இரண்டும் குறிப்பது ஒரே விதியைத்தான். ஆனால் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டதால் ஆறு படிகள் இருப்பதுபோல் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. உங்கள் மகளும் 'பெருக்கல்தானே முதலில்' என்று நினைத்து 6 × 2 = 12 என்று பெருக்கி, 48ஐ அதனால் வகுத்திருக்கிறாள்.

தொடக்கப்பள்ளிக்கு மூன்று படிகளே போதும். அடைப்புக்குறிக்குள் இருப்பது முதலில். அடுத்து பெருக்கலும் வகுத்தலும். இரண்டும் ஒரே படி, இடப்பக்கத்திலிருந்து வரும்போது எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதைச் செய்ய வேண்டும். கடைசியில் கூட்டலும் கழித்தலும், அதுவும் அப்படியே. அடுக்குகள் (5² போன்றவை) உயர்நிலைப்பள்ளியில் வரும்போது அடைப்புக்குறிக்கு அடுத்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

போட்மாஸ் படித்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கூட்டலைக் குறிக்கும் எழுத்து முன்னால் நிற்பதால் 20 − 8 + 5 என்பதை 20 − 13 ஆக்கி 7 என்பார்கள். பேருந்து, ரயில் பயணத்துக்கான ஈஸி-லிங்க் அட்டையில் 20 வெள்ளி இருந்தது, 8 செலவானது, அப்புறம் 5 போட்டோம் என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் 17 என்றுதான் சொல்லும். கழித்தல் குறி தனக்கு அடுத்துள்ள 8க்கு மட்டும்தான் சொந்தம். இது பிடிபட்டுவிட்டால் 37 − 19 + 13 போன்ற கணக்கை 37 + 13 − 19 என்று மாற்றி வைத்து, மனத்திலேயே 31 என்று சொல்லிவிடலாம். எண்ணை நகர்த்தும்போது அதன் முன்னால் உள்ள குறியும் கூடவே வர வேண்டும், அவ்வளவுதான்.

பெருக்கல் ஏன் கூட்டலுக்கு முந்துகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்தால்தான் விதி நிற்கும். காப்பிக்கடையில் 2 வெள்ளிக்கு ஒரு தே, தட்டு 4 வெள்ளி என்று 3 தட்டுச் சோறு. எழுதினால் 2 + 3 × 4. முதலில் 2ஐயும் 3ஐயும் கூட்டினால் வெள்ளியோடு தட்டைக் கூட்டியதாகிவிடும். கடைக்காரர் 20 வெள்ளி கேட்டால் உங்கள் மகளே சண்டைக்குப் போவாள். 3 × 4 என்பது 4 + 4 + 4ஐச் சுருக்கி எழுதியது. அந்தக் கட்டைப் பிரித்த பிறகுதான் மற்றதோடு கூட்ட முடியும். விடை 14.

அடைப்புக்குறி கலந்த கணக்குகளில் பெரும்பாலும் எழுதும் முறையில்தான் தவறு நேர்கிறது. ஒன்றைச் செய்து காட்டுகிறேன்.

100 − (36 − 12 ÷ 4) × 2
= 100 − (36 − 3) × 2
= 100 − 33 × 2
= 100 − 66
= 34

ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு வேலை நடக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே கீழே இறங்குகிறது. செய்யப்போகும் பகுதிக்கு முதலில் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அடைப்புக்குறிக்குள்ளும் அதே படிகள்தான்; 36 − 12ஐ முதலில் செய்து 24 ஆக்கிவிடக் கூடாது. அடைப்புக்குறியை முடித்த கையோடு 100 − 33 என்று கழிக்கவும் கூடாது, × 2 இன்னும் காத்திருக்கிறது.

நேரம் மிச்சம் என்று பலர் 12 ÷ 4 = 3, 36 − 3 = 33 × 2 = 66 என்று ஒரே வரியில் ஓட்டுவார்கள். விடை சரியாக வந்தாலும் எழுதியது பொய். 36 − 3 எப்படி 66க்குச் சமமாகும்? இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்திவிடுங்கள். உயர்நிலையில் இயற்கணிதம் தொடங்கும்போது சமக்குறியின் பொருள் தெரியாத பிள்ளைதான் அதிகம் திணறும்.

கால்குலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டர்கள் பலவற்றில் 2 + 3 × 4 என்று அழுத்தினால் 20 காட்டும், ஏனென்றால் அவை அழுத்திய வரிசையிலேயே கணக்குப் போடும். அறிவியல் கால்குலேட்டரில் 14 வரும். வீட்டில் இருப்பது எந்த வகை என்று இந்தக் கணக்கை வைத்தே சோதிக்கலாம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கணிதத் தேர்வின் முதல் தாளில் கால்குலேட்டருக்கு இடமில்லை, அதனால் கைக்கணக்கு திடமாக இருக்கட்டும்.

2019இல் இணையத்தில் பெரிய சண்டையைக் கிளப்பிய 8 ÷ 2(2 + 2) கணக்கையும் மகள் கொண்டுவரக்கூடும். 2க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் குறி இல்லாமல் எழுதியதால் சிலர் 16 என்றார்கள், சிலர் 1 என்றார்கள். கால்குலேட்டர்களே ஒத்துப்போவதில்லை. எழுதியவிதம் தெளிவில்லை என்று சொல்லிவிட்டு விடுங்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்றைக்கே இந்த நான்கையும் கொடுத்துப் பாருங்கள்: 30 − 12 + 6, 36 ÷ 4 × 3, 7 + 5 × 8 − 9, 50 − (18 − 6 ÷ 3) × 2. விடைகள் 24, 27, 38, 18. முதல் கணக்குக்கு 12 என்றோ இரண்டாவதுக்கு 3 என்றோ வந்தால் அவள் இன்னும் எழுத்துகளைப் பார்த்துத்தான் செய்கிறாள். அப்போது வெள்ளிக் கணக்காக மாற்றிச் சொல்லி, மறுபடி செய்யச் சொல்லுங்கள்.